மீனுக்கு அரைத்த கறி

மீன் வளர்த்தால் மனசுக்கு அமைதி கிடைக்கும் என்று சொல்கிறவர்களை எங்கள் வீட்டுக் குளியலறையில் ஐந்து நிமிஷம் நிற்க வைக்க வேண்டும். குளிக்கிற தொட்டிக்குள் எந்நேரமும் ஒரு பிளாஸ்டிக் பேசின் இருக்கும். அதன் மேல் குழாய்த் தண்ணீர் நூலாக ஒழுகிக்கொண்டிருக்கும். பேசினுக்குள்ளே மீன் தீனிக்கென்று வாங்கிய, சாக்கடைச் சேற்றில் விளைகிற சிவப்புப் புழு, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரு கைப்பிடி உருண்டையாக நெளியும். தண்ணீர் நின்றுபோனால் கொஞ்ச நேரத்தில் செத்துவிடும். செத்தால் வருகிற நாற்றம் துண்டில் ஏறும், தலையணையில் ஏறும், காப்பியில்கூட ஏறும். நானும் என் புருஷன் லுபோஷும் ஏழு வருஷமாக அந்தப் பேசினுக்குப் பக்கத்தில் ஒடுங்கி நின்றுதான் குளிக்கிறோம்.

மீன் தொட்டியைச் சுத்தம் செய்கிற அழகையும் சொல்லிவிடுகிறேன். அடியில் தங்குகிற கழிவை ரப்பர் குழாயால் எடுக்க வேண்டும். தண்ணீர் இறங்குவதற்கு முதலில் வாயால் ஒரு இழு இழுக்க வேண்டும். அரை நொடி அசந்தால் வாய் நிறைய மீன் பீ. பிர்னோ நகரத்தில் மீன் வளர்க்கிற எவரும் இதைக் குடிக்காமல் இருந்ததில்லை. குடித்ததே இல்லை என்று எவராவது சொன்னால் அவர் பொய்யர்.

நான் வளர்ப்பது டிஸ்கஸ். சாப்பாட்டுத் தட்டு மாதிரி வட்டமாக, தட்டையாக இருக்கிற மீன். பார்க்கத்தான் ராணி, புத்தி பிசாசு. ஜோடி சேர்ந்து முட்டையிடும், ராத்திரி பகல் காவல் காக்கும், மூன்றாம் நாள் ஏதோ ஒரு கோபத்தில் மொத்தத்தையும் தின்றுவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி நம்மைப் பார்க்கும். என் முதல் ஜோடி பதினோரு தடவை இப்படித் தின்றது. தப்பித்துப் பொரிகிற குஞ்சுகள் அப்பா அம்மா உடம்பில் ஊறுகிற சளியைத் தின்றுதான் வளரும். சளி என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். எங்கள் வீட்டில் கலப்படமில்லாத சாப்பாடு அது ஒன்றுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. வெள்ளை உடம்பில் செங்கல் நிறக் கோடுகள், நெற்றியிலிருந்து வால் வரைக்கும் எங்கேயும் உடையாமல் ஓட வேண்டும். அப்படிப்பட்ட வம்சம் ஒன்றை என் கையால் உண்டாக்க வேண்டும். ஐந்து தலைமுறை பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தேன். கோணலாகப் பிறந்தவற்றை, செவுள் மூடாதவற்றை என் கையாலேயே ஐஸ் தண்ணீரில் போட்டுக் கொன்றேன். அதைப் பற்றிப் பேச எனக்குப் பிடிக்காது.

எங்கள் மீன் வளர்ப்புச் சங்கத்தில் ஒரு வம்ச ஏடு உண்டு. நிலையாக ஒரே மாதிரி குஞ்சு தருகிற வம்சத்தை உண்டாக்கியவர் பெயரை அதில் எழுதுவார்கள். தலைவர் வீட்டுக்கே வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பச்சைத் துணி அட்டை போட்ட சாதாரண நோட்டுதான். ஆனால் அதில் என் பெயர் வர வேண்டும் என்பதற்காக நான் ஏழு வருஷம் கடல் பார்க்கப் போனதில்லை, ஒரு கல்யாணத்தில் விடிய விடிய ஆடியதில்லை. மார்ச் மாதம் என் தாய் மீன் செத்துப்போனது. அது கடைசியாகப் பொரித்த எழுபது குஞ்சுகள் மட்டும் கையில் இருந்தன. அவற்றில் வம்சம் நிலைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்ற நிலைமை.

மே மாதம், ஒன்பது வாரத்திலேயே அந்தக் குஞ்சுகளுக்கு நிறம் ஏறியது.

மீன்காரர்கள் இதைக் கேட்டவுடனே மூக்கைச் சுளிப்பார்கள். டிஸ்கஸ் குஞ்சு ஐந்தாறு மாதம் வரைக்கும் சாம்பல் நிறத்தில் மண் மாதிரிதான் இருக்கும். சீக்கிரம் விற்க நினைக்கிற திருட்டுப் பயல்கள் தீனியில் ஆண் ஹார்மோனைக் கலந்து கொடுப்பார்கள். இரண்டு மாதக் குஞ்சு கல்யாணப் பெண் மாதிரி மினுமினுக்கும். வாங்கிப் போனவர் வீட்டில் நாலு வாரத்தில் எல்லாம் வெளுத்துவிடும். அதோடு போனால் பரவாயில்லை. அந்த மீன் பிறகு குஞ்சு பொரிக்கவே பொரிக்காது. நிறத்துக்காக வயிற்றையே அடைக்கிற வேலை.

அதனால் எனக்கே சந்தேகம் வந்தது. தீனி அரைப்பது லுபோஷின் வேலை. மாட்டு இதயத்தை வாங்கி வந்து, நரம்பையும் கொழுப்பையும் சீவி எடுத்து, பூண்டும் கீரையும் மிளகாய்ப் பொடியும் சேர்த்து அரைத்து, பையில் தட்டையாகப் பரப்பி உறைய வைப்பான். அந்த ஒரு வேலை மட்டும் எனக்கு ஒத்துவராது. இரண்டாம் வருஷம் ஒரு தடவை முயன்று, அரைவை மிஷினுக்குள்ளேயே வாந்தி எடுத்தேன். அன்றிலிருந்து அவன்தான் கட்டடத்தின் அடியிலுள்ள எங்கள் சின்ன அறையில் உட்கார்ந்து அரைப்பான். உறைந்ததை அவன் இளக்கி ஃப்ரிட்ஜில் ஒரு கிண்ணத்தில் வைப்பான், எடுத்து மீனுக்குப் போடுவது நான்.

"லுபோஷ், உண்மையச் சொல்லு. தீனில ஏதாவது கலந்தியா?" என்று நேராகவே கேட்டேன்.

"என்னப் பாத்தா இந்தக் கேள்வி கேக்குற?" என்றான். "ஏழு வருஷம் ராப்பகலா உழைச்ச. இப்பத்தான் பலன் வந்திருக்கு. வந்ததும் உனக்கே சந்தேகமா? நீயே நம்பலைன்னா ஊரு எப்படி நம்பும்?"

அவன் கண்ணை எடுக்காமல் பார்த்தான். நானும் நம்பினேன். நம்பினேன் என்பதுகூடச் சரியில்லை, நம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவன் எனக்குக் காதில் பூ சுற்றினானா, நானே பூவை வாங்கிச் சுற்றிக்கொண்டேனா என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. எழுபதில் பன்னிரண்டைப் பொறுக்கி, அடுத்த தலைமுறைக்கென்று தனித் தொட்டியில் விட்டேன்.

சங்கத் தலைவர் ஹவ்ரானெக் ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை வருவதாகச் சொன்னார். அறுபது தாண்டிய மனுஷர், வெள்ளைத் தாடி, எப்போதும் கோட்டுப் பையில் ஒரு பூதக்கண்ணாடி. ஹார்மோன் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குச் சாமி வந்துவிடும். போன இலையுதிர் காலத்தில், ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தையில், ஹார்மோன் மீன் கொண்டுவந்த ஒருவனின் பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "நண்பர்களே, இது மீன் இல்ல, பொய்! பொய்க்கு இந்தச் சங்கத்துல இடம் கிடையாது!" என்று கத்தினார். சங்கத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் நண்பரே என்றுதான் கூப்பிடுவோம், அடித்துக்கொள்ளும்போதுகூட. அந்த நண்பனை அன்றே வெளியேற்றினார்கள். உள்ளங்கை சிவக்கக் கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வந்தார். உதவிக்கு லுபோஷின் தங்கை ராட்காவைக் கூப்பிட்டிருந்தேன். ஏழு மாசக் கர்ப்பம். வயிற்றைத் தூக்கிக்கொண்டு டிராமில் இரண்டு நிறுத்தம் வந்திருந்தாள். சும்மா உட்காரச் சொன்னால் கேட்கிற ஜாதி இல்லை அவள்.

"அண்ணி, நீங்க போயி உங்க ராஜா ராணியக் காட்டுங்க. சாப்பாட்ட நான் பாத்துக்கறேன். என்ன செய்யணும்?"

"தலைவருக்குத் தத்தாராக்னா உசிரு. கறி அரைச்சு வாங்கியாந்து ஃப்ரிட்ஜில கிண்ணத்துல வச்சிருக்கு. ரொட்டியப் பொரிச்சுடு, போதும்" என்றேன்.

பச்சை மாட்டுக் கறியைக் கொத்தி, வெங்காயம், முட்டையின் மஞ்சள், கடுகு விழுது எல்லாம் போட்டுப் பிசைந்து, எண்ணெயில் பொரித்த ரொட்டியில் பூண்டைத் தேய்த்து, அதன் மேல் அப்பிச் சாப்பிடுவது. எங்கள் ஊரில் விருந்தாளிக்கு அதைவிட மரியாதை கிடையாது. எந்தக் கிண்ணம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஃப்ரிட்ஜில் இரண்டு கிண்ணம் இருக்கும் என்பது எனக்குப் பழகிப்போய் மறந்தேபோயிருந்தது.

தலைவர் தொட்டிக்கு முன்னால் குனிந்து, பூதக்கண்ணாடியோடு முக்கால் மணி நேரம் நின்றார். மீன்கள் தீனி என்று நினைத்துக் கண்ணாடியில் வந்து முட்டின.  லுபோஷ் ஜன்னல் பக்கம் நின்று தன் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோடு எங்கயும் உடையல. நான் முப்பது வருஷமா பாக்குறேன், இப்படிப் பாத்ததில்ல" என்றார் தலைவர். பிறகு நிமிர்ந்தார். "ஆனா நண்பர் மிலுஷெ, மூணு மாசத்துல இந்த நிறம் கொஞ்சம் அதிகம்."

"என் கையால தீனி போடுறேன் ஐயா" என்றேன். "வேற ஒரு கை இந்தத் தொட்டிக்குள்ள போகாது. என் பேரு மேல சத்தியம்."

 அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பச்சை நோட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தார். "சரி. வயித்துக்கு ஈயலாம் முதல்ல. அப்பறம் கையெழுத்து."

ராட்கா பிரமாதமாக வைத்திருந்தாள். பெரிய தட்டில் சிவப்பாகக் கறி, குழியில் முட்டை மஞ்சள், பக்கத்தில் பொரித்த ரொட்டி. தலைவர் முதல் ரொட்டியை மூன்று கடியில் முடித்தார். இரண்டாவதுக்குக் கறியை ஒரு விரல் கனத்துக்கு அப்பினார்.

"யாரு செஞ்சது இது? பேஷ்! கறி பூ மாதிரி இருக்கு. ஒரு நரம்பு இல்ல, ஒரு கொழுப்பு இல்ல."

"நான் என்னத்தச் செஞ்சேன்" என்று ராட்கா வெட்கப்பட்டாள். "பூண்டு, மிளகாய்ப் பொடியெல்லாம் அண்ணனே முன்னாடியே பெசஞ்சு வச்சிருந்துச்சு. கீரைகூடப் போட்டிருக்கு. இது என்னடா புதுசா இருக்கேன்னு பாத்தேன்."

கீரை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கவே முடியவில்லை.

"ஐயா, மன்னிச்சுக்குங்க. நீங்க சாப்பிடறது மீன் தீனி!"

 தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "மாட்டு இதயமா? அட! நானும் முப்பது வருஷமா அரைச்சுப் போடறேன், ஒரு தடவைகூட ருசி பாக்கத் தோணலியே! மீன் எதுக்குக் கண்ணாடியில முட்டுதுன்னு இப்பல்ல புரியுது!" சொல்லிக்கொண்டே மூன்றாவது ரொட்டியை எடுத்தார். கறிக்கடையில் வாங்கிய சுத்தமான மாட்டு இதயம், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நானும் ஒரு ரொட்டியை எடுத்து அப்பிக் கடித்தேன்.

"எனக்கும் ஒரே ஒரு வாய்" என்றாள் ராட்கா. "பச்சக் கறி கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஆனா வாசனை ஆள இழுக்குது அண்ணி." அவள் ரொட்டியை வாயருகே கொண்டுபோனாள்.

லுபோஷ் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்தான். அவள் கையில் ஓங்கி அடித்தான். ரொட்டி சுவரில் போய் அப்பிக்கொண்டு மெதுவாக வழிந்தது.

"பைத்தியமா உனக்கு?" என்று ராட்கா கத்தினாள்.

"டாக்டர் வேணாம்னாருல்ல! புள்ளத்தாச்சி பச்சக் கறி தின்னக் கூடாது!"

"அதுக்கு அடிப்பியா? சமையக்கட்டுலயே ரெண்டு வாய் உப்புப் பாத்துட்டேன், இப்ப என்ன பண்ணப்போற?"

என் புருஷன் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனது என்று தெரியவில்லை. தங்கையின் தாடையைப் பிடித்தான். "துப்பு. வாந்தி எடு. எவ்வளவு தின்ன? ஸ்பூன்லயா, விரல்லயா? சொல்லு ராட்கா, எவ்வளவு?"

"அண்ணா, விடு, வலிக்குது!"

"லுபோஷ்" என்றேன். என் ரொட்டி இன்னும் கையில்தான் இருந்தது. "நானும் ஐயாவும் சாப்பிடறப்போ நீ பேசாம உக்காந்திருந்த."

அவன் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான்.

"அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம்தான்."

"என்ன கொஞ்சம்?"

"ஹார்மோன்" என்றான்.

தலைவர் மூன்றாவது ரொட்டியில் பாதியை மென்றுகொண்டிருந்தார். மெல்லுவது நின்றது. வாயைத் திறந்தபடியே எழுந்தார், கையால் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினார். ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், மனுஷர் அவசரத்தில் எங்கேயும் தேடாமல் அந்தப் புழுப் பேசின் மேலேயே குனிந்திருந்தார். வாந்தியில் வந்த கறியைப் புழுக்கள் மொய்த்துக்கொண்டு நெளிந்தன. அதைப் பார்த்து அவருக்கு இன்னொரு முறை வந்தது. எனக்கும் வந்தது. இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரே பேசினில் எடுத்தோம். என் ஏழு வருஷ உழைப்புக்குக் கிடைத்த விருந்து அதுதான்.

ராட்காவின் டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் அளவைக் கேட்டார், லுபோஷ் கொண்டுவந்து காட்டிய ஹார்மோன் பெட்டியில் எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னார். ஒரு தடவை, அதுவும் இத்தனூண்டு, பயப்பட வேண்டாம், திங்கட்கிழமை வந்து காட்டிவிட்டுப் போகட்டும் என்றார். பிறகு, "வீட்ல இது எதுக்கு?" என்று கேட்டார். மீனுக்கு என்றேன்.  ராட்கா அண்ணனோடு ஒரு வார்த்தை பேசாமல் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் என் கையைப் பிடித்து, "தெரியாம எடுத்துட்டேன் அண்ணி" என்று அழுதாள். நீ எடுக்காமலிருந்தால் நான் சாகிற வரைக்கும் முட்டாளாக இருந்திருப்பேன் என்றேன்.

தலைவர் தாடியைத் துடைத்துக்கொண்டு பச்சை நோட்டை எடுத்துப் பையில் போட்டார்.

"நண்பர் மிலுஷெ, நீங்க சத்தியம் பண்ணீங்க."

"ஆமா."

"தெரியாமத்தான் பண்ணீங்க, எனக்குப் புரியுது. ஆனா இந்த ஏட்டுல உங்க பேரு வராது. இந்த மீனோடயும் வராது, இனி எந்த மீனோடயும் வராது."

"நாளைக்குச் சந்தையில என் மேசையில நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்றேன். "யாரும் ஏமாந்து வாங்கக் கூடாது."

"சொல்லுங்க. அதான் மரியாதை." கதவைச் சாத்தாமலே போனார்.

லுபோஷ் சுவரிலிருந்த கறியை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். எனக்குக் கத்தவும் தெம்பில்லை.

"எத்தன தொட்டிக்குப் போட்ட?"

"எல்லாத்துக்கும்."

"என் பன்னெண்டுக்கும்?"

அவன் திரும்பினான். "ஒரே கிண்ணம்தான மிலுஷெ. நீதான போட்ட."

நான்தான் போட்டேன். காலை, மதியம், சாயங்காலம், விரலில் எடுத்து, ஒவ்வொன்றும் தின்கிறதா என்று எண்ணிப் பார்த்துப் போட்டேன். தாய் மீன் செத்துவிட்டது. அதன் வம்சத்தை நானே கையால் ஊட்டி ஊட்டி மலடாக்கியிருக்கிறேன். விரலை முகர்ந்து பார்த்தேன். பூண்டு நாற்றம்.

"ஏன்டா?" என்றேன். புருஷனை நான் டா போட்டது அன்றைக்குத்தான்.

"ஏழு வருஷமா நீ அந்தக் கண்ணாடிக்கு முன்னாடியே நிக்கிற. என் மூஞ்சியப் பாத்து எத்தன நாளாச்சு, சொல்லு பாப்போம். ஒரே ஒரு தடவ ஜெயிச்சுட்டா விட்டுடுவேன்னு நெனச்சேன். அந்த நோட்டுல பேரு வந்துட்டா, ரெண்டு பேரும் கடலுக்குப் போலாம்னு நெனச்சேன்." அவன் அழுதான். "உனக்காகத்தான் செஞ்சேன்."

எனக்காகவாம். திருடுகிறவனெல்லாம் தனக்காகத் திருடுகிறேன் என்று சொன்னால் மன்னித்துவிடலாம். எனக்காக என்று சொல்லிவிட்டால், திருட்டிலும் பாதி என் தலையில். அவன் அழுகையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அவன் கேட்டதில் பாதி நியாயம் என்று தெரிந்ததால் இன்னும் அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் சந்தைக்குப் போனேன். கலாசார மன்றத்துப் பெரிய ஹால். ஞாயிறு காலை என்றால் நூறு மேசை, நூறு கண்ணாடித் தொட்டி, ஈரக் கோட்டு நாற்றம், பொரித்த சாஸேஜ் நாற்றம், அதற்கடியில் எங்கள் புழு நாற்றம். லுபோஷும் கூடவே வந்து தொட்டியைத் தூக்கி வைத்தான். நான் தடுக்கவில்லை. அந்தப் பன்னிரண்டையும் தொட்டியில் விட்டு, முன்னால் ஒரு அட்டையைச் சாய்த்து வைத்தேன். பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன்: ஹார்மோன் கொடுத்தது. நிறம் போய்விடும். குஞ்சு பொரிக்காது. விற்பனைக்கு இல்லை.

முதலில் வந்தவள் தோல் பை மாட்டிய ஒரு அம்மா. அட்டையைப் படித்தாள், மீனைப் பார்த்தாள்.

"அழகா இருக்கே! இதுல ரெண்டு குடுங்க."

"படிச்சீங்களா? நிறம் போயிடும்."

"எத்தன நாள்ல?"

"நாலு வாரம்."

"அடுத்த சனிக்கிழம எங்க வீட்டுல விசேஷம். அதுக்குள்ள போகாதுல்ல?"

அவளை அனுப்புவதற்குள் பக்கத்து ஊர்க் கடைக்காரர் ஒருவர் வந்தார். அவரும் படித்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க நேர்மையானவங்கம்மா. இந்த மாதிரி ஆளுங்ககிட்ட வாங்கறதே ஒரு சந்தோஷம். பன்னெண்டையும் எடுத்துக்கறேன். நாலு வாரம் தாராளம், நான் ஒரு வாரத்துல தள்ளி விட்டுடுவேன்."

விற்க வரவில்லை, காட்ட வந்தேன் என்று சொன்னேன். நான் விலை ஏற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். பின்னால் இருந்த இன்னொருவர் அவரைவிடக் கூட்டிக் கேட்டார். என் மேசைக்கு முன்னால் கூட்டம் சேர்ந்தது. அட்டையைப் படித்த ஒரு ஆள்கூடக் கோபப்படவில்லை. என்னைத் திட்டுவார்கள், பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கத்துவார்கள் என்று தயாராக வந்திருந்தேன். முந்தின ராத்திரி முழுக்க அந்த அவமானத்துக்கு ஒத்திகை பார்த்திருந்தேன். அது எனக்குத் தேவைப்பட்டது. இந்தத் தப்பு தப்புதான் என்று யாராவது ஒருத்தர் சொல்ல வேண்டும்போல இருந்தது.

ஒன்பதரை மணிக்குத் தலைவர் ஹவ்ரானெக் வந்தார். நேற்றைவிட முகம் வெளிறியிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, மேசையைச் சுற்றி என் பக்கம் வந்தார். நிம்மதியாக இருந்தது. இவராவது கத்துவார்.

அவர் அட்டையைப் படித்தார். பூதக்கண்ணாடியை எடுத்து மீனைப் பார்த்தார். என் காதுப் பக்கம் குனிந்தார். தாடி என் கன்னத்தில் உரசியது.

"நண்பர் மிலுஷெ, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சுக்காதீங்க."

"கேளுங்க."

"கோடு எப்படி உடையாம நிக்குது? நான் போட்டப்போல்லாம் கோடு கலங்கிடுது." குரலை இன்னும் தாழ்த்தினார். "உங்க வீட்டுக்காரர் ஒரு கிலோ கறிக்கு எவ்வளவு போட்டார்?"

கோடு உடையாமல் நிற்பதற்குக் காரணம் ஐந்து தலைமுறை. பதினோரு தடவை தின்ற முட்டை. ஐஸ் தண்ணீரில் என் கையால் கொன்ற கோணல் குஞ்சுகள். அதை இந்த மனுஷர் ஒரு அளவு என்று நினைக்கிறார். நேற்று என் குளியலறையில் என்னோடு தோளிடித்துக்கொண்டு வாந்தி எடுத்த மனுஷர், ராத்திரி முழுக்கப் படுத்து இதைத்தான் யோசித்திருக்கிறார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நாற்காலி மேல் ஏறி நின்றேன். ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"நண்பர்களே! தலைவர் ஹார்மோன் அளவு கேக்குறாரு! ஒரு கிலோவுக்கு எவ்வளவு போடணும்னு எங்கிட்ட கேக்குறாரு!"

 நூறு மேசையும் என்னைப் பார்த்தது. தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. என் பின்னால் லுபோஷ், "மிலுஷெ, எறங்கு" என்று என் பாவாடையைப் பிடித்து இழுத்தான். நான் இறங்கவில்லை. யாராவது ஒருத்தர் வாய் திறக்கட்டும் என்று நின்றேன்.

பக்கத்து மேசைக்காரர்தான் முதலில் எழுந்தார். அதற்கடுத்த மேசையிலிருந்து இரண்டு பேர். பிறகு எதிர் வரிசையிலிருந்து நாலைந்து பேர் தங்கள் தொட்டிகளை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். போன வருஷம் என்னோடு கை தட்டினவர்கள்தான். ஒருவரும் தள்ளிக்கொள்ளவில்லை, ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றவர் பேனா மூடியைப் பல்லால் கழற்றி, உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மெதுவா சொல்லுங்க நண்பரே" என்றார். "எழுதிக்கறேன்."